கண் விழியாத கணினி

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டு மணி கடந்திருக்கும். கொழும்புத்துறைக் கடனீரேரிப் பக்கமிருந்து நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையைப் போட்டு, மாணவரின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். படலை திறக்கும் ஓசை கேட்டு நிமிர்ந்து பார்த்தோம். அயல்வீட்டு அம்மையாரும் அவர்தம் மகளும் வந்துகொண்டிருந்தனர். மகளின் கைகளில் ஒரு மடிக்கணினி இருந்தது. காய்ச்சற்காரக் குழந்தையை வைத்தியரிடம் கொண்டுவருவது போல, அதனைத் துவாயாற் சுற்றி அணைத்துக்கொண்டு வந்தாள் அப்பிள்ளை.

"சேர், லப்டொப் எழும்புதில்லை. கடையிலை காட்டினனாங்கள். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தவேணும் எண்டு சொல்லுகினம்."

"ஒருக்காப் பாருங்கோ மாஸ்ரர். இவளின்ரை படிப்பெல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு," என்றார் தாயார்.

நாம் கணினி திருத்தும் தொழிலினர் அல்லேம். கல்லூரியிலே பௌதிகவியல் கற்பித்து வயிறு வளர்ப்பவர். ஆயினும், மின்குமிழ் எரியாவிட்டாலும் வானொலி பேசாவிட்டாலும் பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்பது ஊர்வழக்கு. "அழிக்கவேணும்" என்ற சொல் காதில் விழுந்ததும், கையிலிருந்த சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டோம். அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

"உள்ளுக்கு என்ன கிடக்குது, பிள்ளை?" என்று வினவினோம்.

பல்கலைக்கழகத்து இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை இருந்தது. இக்கடனீரேரியிலே களங்கண்டி கட்டி மீன்பிடித்த பழைய முறை பற்றியும், சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றறிந்து தொழில் செய்த மரபு பற்றியும் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்காக முதியவர் பதினொருவரைக் கண்டு, அவர்தம் பேச்சை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாள். அவர்களுள் மிக மூத்தவர் கடந்த தை மாதத்திலே காலமாகிவிட்டார்.

"கட்டுரையைத் திரும்ப எழுதலாம், சேர். அவரிட்டைத் திரும்பக் கேக்கேலாது," என்றாள்.

வேறு படி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டோம். தலை குனிந்தாள். "பேந்து எடுப்பம் எண்டு விட்டிட்டன்."

எமக்கு அவளைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை. 2016 ஆம் ஆண்டிலே எம் கணினியும் இவ்வாறே ஒருநாள் எழும்ப மறுத்தது. "அழித்துப் புதிதாக ஏற்றினாற் சரிவரும், ஏற்றட்டுமா?" என்று கேட்டார்கள். நாமும் சிந்தியாது, "ஓம்" என்றோம். கணினி சரிவந்தது. ஆனால் எம் தந்தையார் கைப்பட எழுதிய நாட்குறிப்புகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அதிலே வைத்திருந்தோம், அவை போயின. மூலக் கொப்பிகளோ அதற்கு முந்திய மாரியிலேயே கறையானுக்கு இரையாகிவிட்டன. கேட்டவர்மேற் குற்றமில்லை. அவர் கணினியைத் திருத்தித் தருவதாகவே சொன்னார், திருத்தியும் தந்தார். உள்ளே இருந்தவற்றின் பெறுமதியை அறிந்தவர் நாம் ஒருவரே. "ஓம்" என்று சொன்னவரும் நாமே.

ஆதலின், அப்பிள்ளையின் கணினியை மேசைமேல் வைத்ததும் ஒன்றை உறுதி செய்துகொண்டோம். எழும்பாத கணினி வேறு. அழிந்த கணினி வேறு. கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டினுள்ளே பொருள் இல்லை என்று ஆகிவிடாது.

*கணினி எழும்புவது எவ்வாறு?*

இதனை விளங்கிக்கொண்டாற் பாதிப் பயம் தெளிந்துவிடும். கணினியின் மூளையாகிய செயலி, தன் நினைவகத்திலே உள்ள கட்டளைகளை மாத்திரமே நிறைவேற்ற வல்லது. அந்த நினைவகமோ மின் நின்றவுடன் யாவற்றையும் மறந்துவிடும். கட்டளைகள் எல்லாம் வன்தட்டிலே உறங்குகின்றன. அவற்றை வன்தட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவருவதற்கும் ஒரு கட்டளைத் தொகுதி வேண்டும். அந்தத் தொகுதியை நினைவகத்துக்குக் கொண்டுவருவது யார்? திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

நாற்பது வயதைக் கடந்த யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்குவது எளிது. 1990 ஆம் ஆண்டில் மின்சாரமும் எரிபொருளும் நின்ற பின்னர், எம் ஊர்களிலே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலே ஓடியதை நாம் சிறுவராய் இருந்து கண்டிருக்கிறோம். குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெய் தட்டியெழுப்பாது. ஆகவே, பொன்போலக் காத்துவைத்த பெற்றோலிலே சில துளிகளை முதலில் ஊட்டுவர். அத்துளிகள் எரிந்து இயந்திரம் சூடேறியதும், மண்ணெண்ணெய் தன் வேலையைப் பொறுப்பேற்கும். அச்சில துளிகள் ஊரைக் கடக்க உதவா. ஆனால் அவை இல்லாமல் வண்டி படலையையே தாண்டாது.

கணினியிலும் அத்தகைய சில துளிகள் உண்டு. தாய்ப்பலகையிலே, மின் நின்றாலும் மறவாத ஒரு சிறு நினைவுச் சில்லு இருக்கிறது. அதிலே உள்ள சிறு கட்டளைத் தொகுதியைப் பழைய கணினிகளிற் பயோஸ் என்றும், இக்காலக் கணினிகளில் யூ.ஈ.எஃப்.ஐ. என்றும் வழங்குவர். ஆளியை அழுத்தியவுடன் அதுவே முதலிற் கண் விழிக்கிறது. உறுப்புகளைத் தொட்டுப் பார்த்து, வன்தட்டைத் தேடி, விண்டோஸ் முதலிய பணிசெயல் முறைமையை நினைவகத்துக்கு அழைத்துவந்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆங்கிலேயர் இதனைப் பூட்டிங் என்பர். தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்னும் அவர்தம் பழமொழியிலிருந்து பிறந்த சொல் அது.

எனவே, கணினி எழும்புவது நான்கு படி ஏறுவது போலாகும். மின் வரவேண்டும், உறுப்புகள் சோதனையிலே தேறவேண்டும், வன்தட்டு அகப்படவேண்டும், பணிசெயல் முறைமை பொறுப்பேற்கவேண்டும். "எழும்பவில்லை" என்று பொதுவாகக் கூறுவது, "சுகமில்லை" என்று வைத்தியரிடம் கூறுவது போன்றது. எந்தப் படியிலே நின்றுவிட்டது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

*முதற்படி: மின்*

ஆளியை அழுத்தினால் விளக்கும் இல்லை, விசிறியின் ஓசையும் இல்லை என்றால், குற்றம் பெரும்பாலும் மின் வரவிலே இருக்கும். முதலிற் சுவரிலுள்ள செருகியையே ஐயுறுக. மேசை விளக்கொன்றை அதிலே செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்தது சார்ஜர். எம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்ட மின்னை, மடிக்கணினிக்கு வேண்டிய ஏறத்தாழ 19 அல்லது 20 வோல்ற்று நேரோட்டமாக மாற்றித் தருவது அதுவே. கம்பி வளையும் இடத்திலே உட்புறம் அறுந்திருத்தல் பெருவழக்கு. அதே வகையான மற்றொரு சார்ஜரை இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தல் நன்று. செருகும் முனை பொருந்துகிறதே என்று கைத்தொலைபேசியின் சிறு சார்ஜரைச் செருகிவிட்டுக் கணினி பழுது என்று முடிவு கட்டுவோரும் உளர். அதன் வலு மடிக்கணினிக்குப் போதாது.

இன்னொரு முறையும் உண்டு. சார்ஜரைக் கழற்றி, பற்றரி கழற்றக்கூடியதாயின் அதனையும் கழற்றிவிட்டு, ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருத்தல். உள்ளே தேங்கி நின்ற மின் வடிந்துவிட, மயங்கிக் கிடந்த சுற்றுகள் புதிதாகத் தொடங்கும். இதனாற் கண் விழித்த கணினிகள் பல.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. கணினியின் அடிப்புறம் புடைத்திருந்தாலோ, விசைப்பலகை மேலெழுந்திருந்தாலோ, உள்ளே பற்றரி வீங்கியிருக்கக்கூடும். லிதியம் பற்றரியை அழுத்துதலும் குத்துதலும் தீயை வரவழைக்கும். உடனே மின்னை நிறுத்திவிட்டு, அறிந்தவரிடம் ஒப்படைப்பதே தக்கது.

*இரண்டாம் படி: உறுப்புகள்*

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மாத்திரம் கறுத்துக் கிடக்கிறது. இங்கே கணினி எழும்பவில்லையா, திரை மாத்திரம் எழும்பவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். விசைப்பலகையிலே பெரிய எழுத்துக்குரிய கப்ஸ் லொக் விசையை அழுத்துக. அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே உயிர் இருக்கிறது. கறுத்த திரைமேல் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சுக. எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், திரைக்குப் பின்னுள்ள ஒளி மாத்திரமே பழுது. வீட்டிலுள்ள தொலைக்காட்சியோடு கம்பியால் இணைத்துப் பார்த்தாலும் உண்மை வெளிப்படும்.

சில கணினிகள் இந்நிலையிலே "பீப், பீப்" என ஒலிக்கும். சில, விளக்கை எண்ணி எண்ணிச் சிமிட்டும். அவை வீண் ஓசையல்ல; நோயின் பெயரையே சொல்லுகின்றன. எத்தனை முறை என்று எண்ணி, அந்நிறுவனத்தின் கைநூலிலே பார்த்தால், நினைவகமா, திரையா, தாய்ப்பலகையா என்பது தெரியும். பெரும்பாலும் நினைவகப் பலகை தன் இருக்கையிலே இறுகப் பொருந்தாமையே காரணமாகும். கடற்காற்றும் ஈரமும் தூசியும் உள்ள எம் போன்ற ஊர்களிலே தொடுமுனைகளில் மாசு படிவதும் எளிது. சார்ஜரையும் பற்றரியையும் துண்டித்து, உலோகமொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, அப்பலகையைக் கழற்றி, முனையை மென்மையாகத் துடைத்து, மீண்டும் இறுகச் செருகினால், பல கணினிகள் எழும்பிவிடும். கை நடுங்குபவர் இதனைப் பழகியவரிடம் விடுவதே நன்று.

*மூன்றாம் படி: வன்தட்டு*

நிறுவனத்தின் சின்னம் திரையிலே தோன்றுகிறது; பின்னர், தொடக்கும் சாதனத்தைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. இதனைக் கண்டதும் தலையிற் கை வைக்கவேண்டாம். முதலில், செருகியிருக்கும் பென்டிரைவ் முதலியவற்றை அகற்றுக. கணினி அதனையே வன்தட்டென எண்ணி ஏமாந்திருக்கலாம். அடுத்து, நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயுள்ளனவா என்று பார்க்க. போயிருப்பின், சில கணினிகளிலே உள்ள 3 வோல்ற்றுக் காசுப் பற்றரி வலுவிழந்து, அமைப்புகள் மறந்து போயிருக்கும். கைக்கடிகாரக் கடையிலே கிடைக்கும் மலிவான பொருள் அது.

வன்தட்டு "டிக், டிக்" என்று தட்டும் ஓசை கேட்டால் மாத்திரம், மீண்டும் மீண்டும் ஆளியை அழுத்தாதீர்கள். சுழலும் தட்டுள்ள பழைய வகை வன்தட்டு தன் இறுதி மூச்சை விடும் ஓசை அது. ஒவ்வொரு முயற்சியும் எஞ்சியதையும் சுரண்டிவிடும். அணைத்து வைத்துவிட்டு, தரவு மீட்பதிலே தேர்ந்தவரை நாடுக. சில்லு வகை வன்தட்டுகள் ஓசையின்றியே நின்றுவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

*நான்காம் படி: பணிசெயல் முறைமை*

எம் அயல்வீட்டுப் பிள்ளையின் கணினியை அழுத்தினோம். விளக்கு எரிந்தது. சின்னம் தோன்றியது. சிறு வட்டம் சுழன்றது. "தானாகத் திருத்த ஆயத்தமாகிறது" என்ற பொருளிலே ஒரு வரி வந்தது. பின்னர் அணைந்து, மீண்டும் தொடங்கியது. மறுபடியும் அதே வட்டம், அதே வரி.

எமக்கு மனம் ஆறிற்று. சின்னம் தோன்றியமையால் மின், திரை, நினைவகம் ஆகியன சுகமாயுள்ளன. தானாகத் திருத்தும் வரி வன்தட்டிலிருந்தே வருவதால், வன்தட்டும் அகப்படுகிறது. மூன்று படிகள் ஏறிவிட்டது. நான்காவதிலே கால் இடறுகிறது. ஏன் இடறியது?

"கடைசியா நல்லா வேலை செய்தது எப்ப, பிள்ளை?"

அதற்கு முதல்நாள் மாலை, அப்டேட் என வழங்கும் இற்றைப்படுத்தல் நடந்துகொண்டிருக்கையில் மின் நின்றுவிட்டதாம். பற்றரி பழையது, ஐந்து நிமிடமும் தாங்காது. கணினி நடுவழியிலே அணைந்துவிட்டது. ஓடு மாற்றும்போது பாதி ஓட்டை இறக்கிவிட்டு மழையைக் கண்டு ஓடியது போன்ற நிலைமை. வீடு இடியவில்லை, கூரைதான் குறையிலே நிற்கிறது.

இந்நிலையிலே விண்டோஸ் தானே சில வழிகளைக் காட்டும். தொடர்ந்து இருமுறை தொடங்கத் தவறினால், மீட்புப் பக்கம் ஒன்று தோன்றும். தொடக்கத்தைத் திருத்துதல், கடைசியாக வந்த இற்றைப்படுத்தலை நீக்குதல், முன்னொருநாள் இருந்த நிலைக்கு மீளுதல், மிகச் சில உறுப்புகளோடு பாதுகாப்பாகத் தொடங்குதல் என்பன அங்கே உள்ளன. அதே பக்கத்திலே, யாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வழியும் அருகிலேயே இருக்கிறது. அவசரக்காரரின் விரல் அங்கேதான் போகும்.

நாம் இவற்றுள் எதனையும் உடனே தொடவில்லை. திருத்துவதற்கு முன்னர் எடுத்துவிடு என்பதே 2016 இல் நாம் விலை கொடுத்துக் கற்ற பாடம். திருத்தம் தவறினால் இருப்பதும் போகலாம். ஆகவே, உபுண்டு என்னும் லினக்ஸ் முறைமையை ஏற்றிவைத்திருந்த பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்து கணினியைத் தொடக்கினோம். வன்தட்டிலே எதனையும் எழுதாது, வெளியிலிருந்தே எழும்பி, உள்ளே எட்டிப் பார்க்கும் வழி இது. இலவசமாகவே கிடைப்பது. வீட்டுக்கொன்று வைத்திருத்தல் நலம்.

கணினி எழும்பிற்று. பிள்ளையின் முகம் மலர்ந்தது. வன்தட்டைத் திறக்க முயன்றோம். அது பூட்டப்பட்டிருந்தது.

*நாற்பத்தெட்டு இலக்கங்கள்*

இக்காலக் கணினிகள் பலவற்றிலே, வன்தட்டிலுள்ளவை மறைகுறியாக்கப்பட்டே இருக்கின்றன. கள்வன் கையிற் கணினி அகப்பட்டாலும் உள்ளே உள்ளவற்றை வாசிக்க இயலாதிருத்தற்கான காவல் அது. நாள்தோறும் கணினி ஒழுங்காக எழும்பும்போது அப்பூட்டுத் தானே திறப்பதால், அது இருப்பதையே நாம் அறிவதில்லை. வேறு வழியாக உள்ளே நுழையும்போது, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பைக் கேட்கிறது. அத்திறப்பு, கணினியை முதன்முதல் ஆயத்தம் செய்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கிலே பெரும்பாலும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும்.

பிள்ளையின் கணக்கிலே தேடினோம், இல்லை. அவள் முகம் மீண்டும் வாடிற்று. அப்பொழுது தாயார், "இதை வாங்கி எல்லாம் சரிக்கட்டி அனுப்பினது என்ரை தம்பியெல்லோ," என்றார்.

தம்பி ரொறன்ரோவில் இருப்பவர். இங்கு இரவு ஒன்பதரை; அங்கு நண்பகல். தொலைபேசியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையாதலால் அவரும் வீட்டிலிருந்தார். தம் கணக்கைத் திறந்து பார்த்து, "அக்கா, கிடக்கு, எழுதுங்கோ," என்றார்.

ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். அவர் அங்கிருந்து வாசிக்க, தாயார் எம் மாணவன் ஒருவனின் கொப்பியின் பின்மட்டையிலே எழுத, பிள்ளை ஒவ்வொன்றாகப் பதிந்தாள். ஐந்தாம் தொகுதியிலே ஒரு தவறு, மீண்டும் வாசித்தார். இறுதி இலக்கத்தைப் பதிந்ததும் வன்தட்டுத் திறந்தது. பதினொரு முதியவரின் பெயர்களும் வரிசையாக நின்றன.

எம்மிடமிருந்த புற வன்தட்டிலே யாவற்றையும் படியெடுத்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. அதன் பின்னரே மீட்புப் பக்கத்துக்குச் சென்று, குறையிலே நின்ற இற்றைப்படுத்தலை நீக்கினோம். மறுமுறை அழுத்தியபோது, வட்டம் சுழன்றது. சற்று நேரம் எம்மைச் சோதித்தது. பின்னர் பிள்ளையின் பெயரோடு வரவேற்புத் திரை தோன்றியது. இங்கே அழிக்கவேண்டியிருந்தது எதுவும் இல்லை.

உலகம் முழுவதும் இதே பாடத்தை ஒருநாள் கற்றது. 2024 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாள், கணினிப் பாதுகாப்பு நிறுவனமாகிய கிரவுட்ஸ்றைக் வெளியிட்ட பிழையான இற்றைப்படுத்தற் கோப்பொன்றினால், மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழும்பமாட்டாது நின்றன. விண்டோஸ் கணினிகளின் தொகையிலே அது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. ஆயினும் விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் தடுமாறின. அந்நிறுவனம் தன் பிழையான கோப்பை 78 நிமிடத்திலே மீளப் பெற்றுக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகள் எழும்பினாலன்றோ திருத்தத்தை ஏற்கும்? ஆதலாற் பல இடங்களிலே தொழில்நுட்பவியலாளர் ஒவ்வொரு கணினியின் முன்னும் சென்றிருந்து, பாதுகாப்பு நிலையிலே தொடக்கி, ஒரேயொரு கோப்பை அழிக்கவேண்டியதாயிற்று. பூட்டிய வன்தட்டுகளுக்கு அங்கேயும் 48 இலக்கத் திறப்புத் தேவைப்பட்டது. திறப்பை எழுதி வைத்தவர் விரைந்து எழும்பினர், வையாதவர் காத்திருந்தனர்.

*ஒரு படி போதாது*

படியெடுத்தல் எம்மவர்க்குப் புதிய கலை அன்று. ஏட்டுச்சுவடி செல்லரிக்கும் என்பதை அறிந்த நம் முன்னோர், ஓலை இறும் முன்னரே புதிய ஓலையிலே படியெழுதினர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887 ஆம் ஆண்டிலே அச்சேற்றியதும், ஊர் ஊராக எஞ்சியிருந்த ஏட்டுப் படிகளைத் தேடிச் சேர்த்தமையாலேயே. எங்கோ ஒரு வீட்டுப் பரணிலே இன்னொரு படி இருந்தது. அதனால் நூல் பிழைத்தது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்திலே படி இருந்த நூலை மீண்டும் வாங்கி வைக்கலாம். வேறெங்கும் படியில்லாத ஏட்டை எங்கே வாங்குவது? 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்திலே படியெடுத்து வைக்கும் பணி, அவ்வச்சத்தை அறிந்தோர் செய்யும் பணியேயாம்.

குடும்பங்களுக்கும் மாணவர்க்கும் நாம் கூறுவது இதுவே. போனால் மீளாத எதற்கும் மூன்று படி இருத்தல் வேண்டும். ஒன்று கணினியிலே, ஒன்று புற வன்தட்டிலோ பென்டிரைவிலோ, ஒன்று வீட்டுக்கு வெளியே, இணையத்திலோ உறவினர் ஒருவரின் வீட்டிலோ. 48 இலக்கத் திறப்பைக் கடதாசியிலே எழுதி, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இருக்கும் பெட்டியிலே வைத்துவிடுங்கள். கணினியை வெளிநாட்டு உறவினர் அனுப்பியிருந்தால், திறப்பு யாருடைய கணக்கிலே உள்ளதென்று இன்றே கேட்டு வையுங்கள். இற்றைப்படுத்தல் நடக்கும்போது மின் போகாதவாறு, பற்றரியிலே போதிய வலு இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஆம் ஆண்டின் மார்ச்சு முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டைக் கண்ட நாட்டவர்க்கு, மின் போகும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அழிக்கவா?" என்று எவரேனும் கேட்டால், "ஓம்" என்று சொல்லுமுன், "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். அவ்வொரு கேள்வியை 2016 இல் நாம் கேட்டிருந்தால், எம் தந்தையாரின் கையெழுத்து இன்றும் எம்மிடம் இருந்திருக்கும்.

அன்றிரவு அவர்கள் புறப்படுமுன், எல்லாம் ஒழுங்காக வந்துள்ளனவா என்று பார்ப்பதற்காக, காலமான அம்முதியவரின் பதிவைப் பிள்ளை திறந்தாள். முதலிலே காற்றின் இரைச்சல். பின்னர் ஓர் இருமல். அதன் பின்னர், சோளகம் பெயரும் நாளை எவ்வாறு அறிவது என்று நிதானமாகச் சொல்லத் தொடங்கினார் அவர். தாயார் விறாந்தைத் தூணிலே சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாமும் எழுந்து போகவில்லை. பதிவு முடியும்வரை, மூவரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாட் காலை, பாடசாலைக்குப் புறப்படுமுன், பிள்ளை படலையிலே வந்து நின்றாள். இரண்டாவது படியும் எடுத்தாயிற்று, மூன்றாவதை மாமாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றாள். திருத்தாத கொப்பிகளோடு வகுப்புக்குப் போன எம்மை, மாணவர் அன்று மன்னித்துவிட்டனர்.